டாக்டரின் பியானோ

பத்தாம் வகுப்பு வந்ததும் நம் நடுத்தர வர்க்க வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பாட்டு வகுப்புதான். வீணை பரண் ஏறும். கீபோர்டு கட்டிலுக்கு அடியில் போகும். "முதலில் படிப்பு, மற்றதெல்லாம் அப்புறம்" என்பார்கள். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதே இல்லை. படிப்பும் இசையும் ஒரே உறையில் இருக்க முடியாத இரண்டு கத்திகள் என்று எப்படியோ முடிவு கட்டிவிட்டோம்.

அப்படி நினைக்கும் பெற்றோர் டென்னி ஸைட்லினைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. 1938இல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா ரேடியாலஜிஸ்ட், காதால் கேட்டே பியானோ வாசிப்பவர். அம்மா பேச்சுக் குறைபாடுகளைச் சரிசெய்யும் நிபுணர். மகனின் முதல் பியானோ ஆசிரியையும் அவரே. சிறு வயதில் முறையான மேற்கத்திய சாஸ்திரிய இசைப் பயிற்சி. பள்ளி நாட்களில் ஜாஸ் பிடித்துக்கொண்டது. சிகாகோ கிளப்புகளுக்குப் போய் மூத்த கலைஞர்களின் வாசிப்பைக் கேட்டார். வாய்ப்புக் கிடைத்தபோது அவர்களுடன் உட்கார்ந்து வாசித்தார்.

இது சின்ன மாற்றமல்ல. சாஸ்திரிய பியானோவில் தாளில் எழுதியிருப்பதைப் பிசகாமல் வாசிக்க வேண்டும். ஜாஸில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் ஒரு மெட்டும் அதற்கு அடியில் நகரும் 'கார்டு'களும்தான். மெட்டை ஒருமுறை வாசித்து முடித்ததும் அதே கார்டு வரிசையின்மேல் கலைஞர் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்கிறார். நம் கற்பனை ஸ்வரத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே ராகம் நிலையாக நிற்கும். இங்கே காலுக்குக் கீழே தரை நகர்ந்துகொண்டே இருக்கும். விரல் பழகினால் மட்டும் போதாது. பாஸ் கலைஞர் என்ன சொல்கிறார், டிரம்ஸ் எங்கே இழுக்கிறது என்று காது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸைட்லின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்தபோதே கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் ஜான் ஹாமண்ட் அவரை ஒப்பந்தம் செய்தார். பாப் டிலனை அந்த நிறுவனத்துக்குக் கொண்டுவந்தவர் இந்த ஹாமண்ட். இப்படிப்பட்டவரே கூப்பிட்ட பிறகு மருத்துவப் படிப்பு எதற்கு என்று பலருக்கும் தோன்றியிருக்கும். ஸைட்லின் இரண்டையுமே விடவில்லை. 1964இல் தம் பெயரில் வெளியிட்ட முதல் இசைத்தட்டுக்கு 'கதெக்ஸிஸ்' என்று பெயரிட்டார். மனம் தன் ஆற்றலை ஒன்றின்மேல் முதலீடு செய்வதைக் குறிக்கும் உளப்பகுப்பாய்வுச் சொல் அது. பிறகு சான் பிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவப் பயிற்சி. திங்கட்கிழமை இரவுகளில் பக்கத்து ஊரான சாசலிட்டோவின் டிரைடண்ட் கிளப்பில் வாசிப்பு. பின்னாளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியர். நடுவில், 1978இல், 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' என்ற ஹாலிவுட் படத்துக்கு இசையும் அமைத்தார்.

இவரை அமெச்சூர் என்றால் ஜாஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குப் பொருள் அன்பு. வயிற்றுப்பாட்டுக்காக அல்லாமல் ஆசைக்காகச் செய்பவர் என்று கொண்டால் அவர் அமெச்சூர்தான். மருத்துவமும் இசையும் ஒன்றுக்கொன்று உதவியதாகவே அவர் பேசிவந்திருக்கிறார். நோயாளி முன்னாலும் சரி, சக கலைஞர் முன்னாலும் சரி, முதலில் தேவைப்படுவது கவனமாகக் கேட்கும் காது.

மேதைகளுக்கு இது சரி, நம் பிள்ளைகளுக்கு நடக்குமா என்று கேட்கலாம். எல்லாக் குழந்தைகளும் ஹாமண்ட் போன்றவர் கண்ணில் படப்போவதில்லை. பட வேண்டிய அவசியமும் இல்லை. நம் வீடுகளில் இசை, சான்றிதழோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் கவலை. லண்டன் டிரினிட்டி தேர்வில் எட்டாம் கிரேடு தேறிய பிள்ளை, தாளை எடுத்துவிட்டால் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைத் தானாக வாசிக்குமா? இந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. அதனால் யாரும் கேட்பதும் இல்லை.

2019இல் நியூயார்க்கின் மெஸ்ரோ கிளப்பில் தம் டிரியோவுடன் ஸைட்லின் வாசித்த கச்சேரி அடுத்த ஆண்டு ஆல்பமாக வந்தது. வாசிக்கும்போது அவருக்கு வயது 81. அந்த வயதில் யாரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்கப்போவதில்லை. பெற்றோர் அந்தக் கீபோர்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைக்கலாம்.