அடுத்தவரின் போட்டில் ஏறுவதற்கு முன் உங்கள் பையைத் திறந்து பாருங்கள்



சோளகம் ஓய்ந்துவிட்டது. இனி ஏப்ரல் வரைக்கும் கற்பிட்டிப் பக்கம் வெளிக்கடலுக்குப் போகலாம். லீவு கிடைத்தால் நம் தம்பிமார், என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள், கொழும்பிலிருந்து வரும் மச்சான்மார் எல்லோரும் தூண்டில் போடக் கிளம்புவார்கள். நல்ல பொழுதுபோக்கு, நானும் போகிறவன்தான். ஆனால் நம்மில் அநேகம் பேரிடம் சொந்தப் போட் இல்லை. கண்டக்குளியிலோ குடாவவிலோ ஆலங்குடாவிலோ யாரோ ஒரு சம்மாட்டியின் போட்டில் விருந்தாளியாகத்தான் ஏறுகிறோம். அதை மறந்து சாமான் கட்டுகிறோம் என்பதுதான் என் கவலை.

போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு சம்மாட்டி நானா சொன்னார்: "சேர், ஆள் ஏற இடம் இருக்கு. அவங்கட பெட்டி ஏறத்தான் இடம் இல்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்த கிழமை அதே பொடியன்மார் கோல் எடுத்தபோது அவர் போனைத் தூக்கவில்லை. நம் ஆட்கள் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். "பரவாயில்லை தம்பி" என்பார்கள். அந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று நாம்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒருவரின் பெட்டி 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் என்றால் 32 கிலோ. நாம் காசு கொடுக்காமல் ஏற்றிய அரை ஆள் அது. அந்தப் பாரத்தையும் இழுப்பது அவருடைய என்ஜின், எரிவது அவருடைய மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதே, அதன் வலி கரையில் இருந்த நமக்கு மறந்திருக்கலாம். கடலுக்குப் போகிறவர் மறக்கவில்லை.

அமெரிக்காவில் பாஸ் என்ற ஏரி மீனைப் பிடிக்கவென்றே தனியாகப் போட் செய்கிறார்கள். தரையில் கார்ப்பட், ரொட் வைக்கத் தனி அறை, பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கத் தொட்டி எல்லாம் உண்டு. போட்டிகளில் முன்பக்கம் போட்காரருக்கு, பின்பக்கம் கூட வருபவருக்கு. அவ்வளவு வசதி இருந்தும் கூட வருபவர் அளவோடு சாமான் கொண்டுவருவதும், எண்ணெய்ச் செலவில் பங்கு கொடுப்பதும்தான் அங்கேயும் மரியாதை. நம்முடைய 18 அடி பைபர் போட்டில் அறையும் இல்லை, கார்ப்பட்டும் இல்லை. நடுவில் வலை கிடக்கும். அது ஒருவருடைய கடை மாதிரி. கடைக்குள் போய்க் கல்லாப்பெட்டியின் மேல் நம் பையை வைப்போமா?

அப்படியென்றால் எதைக் கொண்டுபோவது?

முதலில் கேளுங்கள். எங்கே போகிறோம், களப்புக்கா, வெளிக்கடலுக்கா? கலா ஓயா வந்து விழும் கங்கேவாடியப் பக்கம், கண்டல் ஓரத்தில் கொடுவாவும் செம்பலியும் தேடப் போகிறோம் என்றால் 20 இறாத்தல் தங்கூசி தாங்கும் ஒரு ரொட் போதும். வெளியே பாரைக்குப் போகிறோம் என்றால் 50 இறாத்தலுக்குக் குறையாதது வேண்டும். இரண்டையும் தூக்கிக்கொண்டு போவது, போகும் இடத்தைக் கேட்காதவர் செய்யும் வேலை. ஒரு ஆளுக்கு ரொட் இரண்டு, ஒன்று கையில், மற்றது அது முறிந்தால் எடுக்க. இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டி, முள் தொங்காமல் ஏற்றுங்கள்.

கடினமான பெரிய பெட்டியை வீட்டில் வையுங்கள். அலையில் போட் தூக்கிப் போடும்போது அது வழுக்கிக்கொண்டு வந்து யாருடைய காலிலாவது மோதும். ஒரு துணிப்பை, அதற்குள் கையகல டப்பா இரண்டு. ஒன்றில் லூர் ஆறு, மற்றதில் முள், ஈயம், சுழலி. ஆறு போதுமா என்று கேட்பீர்கள். பக்கத்தில் இருக்கும் சம்மாட்டியைப் பாருங்கள். ஒரு தங்கூசி, ஒரு முள், ஒரு துண்டு இறால். அவர் பிடிக்கும் மீனை நாம் நாற்பது லூரோடு போயும் பிடிப்பதில்லை. யூடியூபில் பார்த்ததையெல்லாம் வாங்கிச் சேர்ப்பது அவரவர் விருப்பம். அத்தனையும் அடுத்தவரின் போட்டில் ஏற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

லூரில் இருக்கும் மூன்றுமுள்தான் பெரிய பிரச்சினை. அது வலையில் ஒரு தடவை கொழுவினால் கண்ணியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உங்களுக்கு அது ஒரு நிமிட வேலை, அவருக்கு மாலை முழுக்க வலை பொத்துகிற வேலை. கையில் ஏறினால் இன்னும் மோசம். பத்தலங்குண்டுப் பக்கம் நிற்கும்போது அப்படி நடந்தால் எல்லோருடைய நாளும் அதோடு முடிந்தது, எண்ணெயும் வீண். மூன்றுமுள்ளைக் கழற்றி ஒற்றைமுள் போடுங்கள், முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் அமர்த்திவிடுங்கள். ஏறியதும் லேசாக வெளியே வரும்.

குறடு, கத்தி, சின்னக் கத்தரி உங்களுடையதாக இருக்கட்டும். சம்மாட்டியின் கத்தியைக் கேட்காதீர்கள். அவருக்கு அது அவசரத்தில் தேவைப்படும்.

ஒரு வெறும் போத்தலும் கொண்டுபோங்கள், அறுத்த தங்கூசித் துண்டுகளைப் போட. இதை நிறையப் பேர் கணக்கெடுப்பதில்லை. தண்ணீரில் விட்ட தங்கூசி என்ஜின் விசிறியில் சுற்றும். சுற்றியது உள்ளே போய் ஒயில் சீலை வெட்டும். பிறகு கியருக்குள் கடல் தண்ணீர் போகும். அன்றைக்குத் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து நடுக்கடலில் என்ஜின் நிற்கும்போது தெரியும். அந்த நேரம் நாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருப்போம், அவர் தனியே நிற்பார். விசிறியில் சுற்றாத துண்டு களப்பின் கடற்புல்லில் கிடக்கும். ஆமையும் கடற்பசுவும் மேய்கிற புல் அது. 1992இல் சரணாலயமாக்கிய பார் ரீப் பவளப் பாறைகளில் போய்ச் சிக்கினால் எடுக்கவே முடியாது.

தூண்டிலில் குறைத்த இடத்தில் வேறு சாமான் ஏறட்டும். உங்கள் அளவுக்கு ஒரு லைப் ஜாக்கெட். தண்ணீர், சாப்பாடு, அதுவும் போட்டில் வேலை செய்கிறவரையும் எண்ணி. எண்ணெய்ப் பங்கைக் கரையில் வைத்தே கொடுங்கள், திரும்பி வந்து "எவ்வளவு நானா?" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். மீன் பட்டால் எப்படிப் பங்கு என்பதையும் ஏறுவதற்கு முன்பே பேசுங்கள். செருப்பைக் கழற்றிப் பையில் போடுங்கள்.

"காசு கொடுத்துத்தானே போகிறோம் சேர்" என்று சிலர் சொல்வார்கள். காசு கொடுத்தது நாம் இருக்கும் இடத்துக்கு. அவருடைய வலைக்கும் என்ஜினுக்கும் அல்ல. விருந்தாளி வீட்டுக்காரருக்குப் பாரமாகக் கூடாது என்று சின்ன வயதில் மதரஸாவில் படித்தோம். வீட்டுக்குப் பொருந்துவது போட்டுக்கும் பொருந்தும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டவுனில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் கடற்கரை ஆட்களுக்கும் இடையில் மிஞ்சியிருக்கும் சில தொடர்புகளில் இந்தத் தூண்டில் பயணமும் ஒன்று. ஒரு நாள் போட்டில் போய்வந்த பிள்ளை, அடுத்த முறை சந்தையில் மீன் விலையைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் யோசித்துப் பேசும். சம்மாட்டிமார் ஒவ்வொருவராகப் போனைத் தூக்காமல் விட்டால் அதுவும் போய்விடும்.

சம்மாட்டிமார், போட்டில் போகும் நானாமார் இதை வாசித்தால், நான் விட்டதைக் கீழே எழுதுங்கள். எங்கள் முகத்துக்குச் சொல்லத் தயங்கியதையும் சேர்த்து எழுதுங்கள்.

கடலுக்குப் போகும் எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக.