கனரக வாகனப் பயிற்சியும் அச்சுவேலியும்

அச்சுவேலிப் பகுதியில் விளையும் வெங்காயமும் மரக்கறியும் தென்னிலங்கைச் சந்தைகளைச் சென்றடைவது லொறிகளில்தான். கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர். அதுவும் பெரும்பாலும் இரவுப் பயணம். அந்தச் சாரதி எங்கே தொழில் கற்றார் என்று நாம் கேட்பதேயில்லை.

முச்சக்கரவண்டியும் காரும் பழக்குவோர் ஊருக்கு ஊர் உண்டு. பாரம் ஏற்றிய லொறியை இறக்கத்தில் அடக்குவதையும், சுமையைச் சமன்செய்து கட்டுவதையும் இளைஞர்கள் கிளீனராக நின்றே பழகுகின்றனர். குருவுக்கு இருந்த குறை சீடனுக்கும் வந்துவிடுகின்றது. அந்தப் பழக்கமும் இடையில் அறுந்தது. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அனுபவமிக்க சாரதிகளும் சென்றனர். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதியும் மூடப்பட்டது.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் லொறிகளின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. பயிற்சிக்கென ஒன்றை வாங்கும் வலு சிறிய தனியார் பாடசாலைகளுக்கு இல்லை. எனவே இது அரசின் பொறுப்பாகின்றது. இந்திய உதவியுடன் 2014 இல் மீளத் திறக்கப்பட்ட அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையை அண்டி, தொழிற்பயிற்சி அதிகார சபை இதற்கென ஒரு பயிற்சிநெறியை ஆரம்பிக்கலாம். மீள்குடியேறிய முஸ்லிம் இளைஞர்களுக்கும் அதில் இடம் ஒதுக்கப்படுதல் வேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இதனை அடுத்த கூட்டத்திலேயே ஆராய வேண்டும் எனக் கோருகின்றோம்.