வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

‘எண்பதைத் தாண்டிய உடம்பு ஆபரேஷனைத் தாங்காது, இடுப்பெலும்பு ஒடிந்தால் கட்டுப் போட்டுக் கட்டிலில் விடுவதே கருணை’ என்கிறார்கள். எங்கள் நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையம் டீக்கடையிலும் இதே பேச்சு, படித்தவர்கள் வாயிலும் இதே பேச்சு. கருணை இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம்.

இடுப்பு முறிந்தவர் ஒரு மாதத்துக்குள் இறக்கும் அபாயத்தை மதிப்பிட, 2008இல் வெளியான நாட்டிங்ஹாம் அளவுகோல் உண்டு. மொத்தம் 10 புள்ளி. 66 முதல் 85 வயது வரை 3. அதற்கு மேல் 4. ஆக, எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் வித்தியாசம் ஒரே புள்ளி. ஹீமோகுளோபின் 10க்கு மேல் இல்லையென்றால் அதற்கும் ஒன்று. நினைவுத் தடுமாற்றத்துக்கு ஒன்று, புற்றுநோய்க்கு ஒன்று. ஆணாகப் பிறந்ததற்கே ஒன்று! வரப்பில் வழுக்கி விழும்வரை வாழைக்குத் தண்ணி பாய்ச்சிய 84 வயது அப்பாருவையும், வருஷக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் 72 வயதுக்காரரையும் வயதை மட்டும் வைத்து எடைபோடுவது என்ன நியாயம்?

கட்டில் மட்டும் பத்திரமா? படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு. பெட்பேன் வைக்கப் புரட்டும்போதெல்லாம் அலறல். மரணப்படுக்கையில் இருப்பவருக்கு ஆபரேஷன் வேண்டாமென்று டாக்டர் சொன்னால் அது வேறு விஷயம்.

சரி, எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும்? இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், 6 மணி நேரத்தில் அறுவை செய்தாலும் ஒரு நாளில் செய்தாலும் இறப்பில் மாற்றமில்லை. அதற்காக வாரக்கணக்கில் கட்டுப் போட்டுக் காத்திருக்கலாம் என்று அர்த்தமல்ல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே நாமக்கல் அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.