ஆறு எந்த மாவட்டம்?

உளுந்தூர்பேட்டை சாலையால் வளர்ந்த ஊர். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்களிடம் சேலத்துக்கு எங்கே திரும்புவது என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். டீக்கடை, பரோட்டாக் கடை, பஞ்சர் கடை, லாட்ஜ் எல்லாமே அந்தத் திருப்பத்தை நம்பி வந்தவை. புறவழிச்சாலை போட்டதும் லாரியும் காரும் ஊருக்குள் நுழையாமலே பறக்கத் தொடங்கின. சாலையை நம்பிய ஊருக்கு இதுதான் விதி. சாலை நகர்ந்தால் கடையும் பின்னாலேயே நகர வேண்டும்.

எலவனாசூர்கோட்டை வழியாகப் பஸ்ஸில் போனால் திருக்கோவிலூர் வரும். அது ஆற்றால் வளர்ந்த ஊர். இரண்டு ஊர்களும் ஒரே ஆண்டில், 2021இல், பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தன. சங்க காலத்தில் கோவலூர் என்று தலைநகராக இருந்த ஊரும், லாரி நின்று டீ குடித்ததால் பெருத்த எங்கள் ஊரும் அரசாணையில் அடுத்தடுத்து நிற்கின்றன. எனக்கு இதில் வருத்தமில்லை, பெருமைதான். ஆனால் திருக்கோவிலூர் நகராட்சி ஆனபோது அதன் பாதி ஊர் கணக்கில் வரவில்லை என்பது உறுத்துகிறது. அந்தப் பாதி ஆற்றுக்கு வடகரையில், அரகண்டநல்லூர் என்ற பெயரில், வேறு மாவட்டத்தில் இருக்கிறது.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது. விழுப்புரத்திலிருந்து பிரிக்கும்போது இந்த இடத்தில் தென்பெண்ணையை எல்லையாக வைத்துக்கொண்டார்கள். தென்கரைத் திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சிக்கு, வடகரை அரகண்டநல்லூர் விழுப்புரத்துக்கு. வரைபடத்தில் கோடு போடுகிறவருக்கு ஆற்றைவிட வசதியான கோடு கிடைக்காது. ஆனால் ஊர்க்காரர்களின் அன்றாடம் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. திருக்கோவிலூர் ரயில் நிலையம் இருப்பது அரகண்டநல்லூரில். அக்கம்பக்கத்து விவசாயிகள் விளைச்சலை ஏற்றிக்கொண்டு போகும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் அங்கேதான். தாலுகா ஆபீஸ், பெரிய கடைவீதி, பெருமாள் கோயில் எல்லாம் இந்தக் கரையில். மூட்டையை ஒரு மாவட்டத்தில் விற்று, அந்தப் பணத்தில் துணிமணியை இன்னொரு மாவட்டத்தில் எடுக்கிறார்கள்.

பழைய ஆட்கள் இந்த ஆற்றை ஓரமாக நினைக்கவில்லை. நடுநாடு என்று நாம் சொல்லும் பகுதிக்கு நடுவில் ஓடுவது பெண்ணைதான். அந்நாட்டின் பாடல் பெற்ற 22 தலங்களில் பல இதன் இரு கரைகளிலும் இருக்கின்றன. கடையெழு வள்ளல்களில் ஒருவரான மலையமான் திருமுடிக்காரி ஆண்டது இந்தக் கோவலூரை. குதிரைக்குப் பேர்போன அந்தக் குடியின் நாணயங்களில் ஒரு பக்கம் குதிரை நிற்கிறது, மறுபக்கம் மலையும் ஆறும். தன் ஊருக்கு என்ன அடையாளம் என்று யோசித்த ஓர் அரசு, அரண்மனையையோ அரசன் முகத்தையோ விட்டுவிட்டு ஆற்றைக் காசில் அடித்திருக்கிறது.

இந்தக் கோவலூர்மேல் படை எடுத்தவர்களும் உண்டு. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரைத் தாக்கி வென்றதைப் பாடியவர் பரணர் என்று புறநானூற்றில் ஒளவையார் குறிப்பிடுகிறார். வெறும் புலவர் வாக்கு என்று சிலர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1981இல் திருக்கோவிலூருக்கு மேற்கே, பெண்ணைக் கரையிலுள்ள ஜம்பையில், ஒரு பாறையில் தமிழ் பிராமி எழுத்துகள் கிடைத்தன. சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி அமைத்துக் கொடுத்த பள்ளி என்பது அதன் செய்தி. அசோகர் தன் கல்வெட்டுகளில் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது.

திருக்கோவிலூரின் கீழையூர்ப் பகுதியில், வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் ஒரு பாறை நிற்கிறது. மேலே சின்னதாக ஒரு கோயில். ஊர் அதைக் கபிலர் குன்று என்கிறது. பாரி இறந்தபின் அவன் மகளை மலையமானுக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த இடம் இது என்று வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. கபிலருக்குச் சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து வெட்டிய கல்வெட்டு அது. அதுவரை ஊர் வாய்மொழியாகவே அந்த நினைவைக் காத்து வைத்திருக்க வேண்டும். இராசராசனுக்கும் இந்த ஊர்மேல் உரிமை உண்டு. அவன் தாய் வானவன் மாதேவி மலையமான் குடியில் பிறந்தவர். கணவர் சுந்தர சோழர் இறந்தபோது பால்குடி மறவாத பிள்ளையை விட்டு அவர் உடன்கட்டை ஏறியதையும் அந்தக் கல்வெட்டே பேசுகிறது.

சைவத்தின் அட்ட வீரட்டங்களில் ஒன்றும் வைணவத்தின் 108 திவ்வியதேசங்களில் ஒன்றும் ஒரே ஊரில் இருப்பது அபூர்வம். பொய்கை, பூதம், பேய் என்ற முதலாழ்வார் மூவரும் சந்தித்தது இங்கேதான் என்பது மரபு. மழை இரவில் ஓர் இடைகழியில் ஒருவர் ஒதுங்கினார், இருவரானார்கள், மூவரானதும் நிற்கத்தான் இடம் இருந்தது. அந்த நெருக்கத்தில்தான் முதல் மூன்று திருவந்தாதிகள் பிறந்தன என்பார்கள். உலகளந்த பெருமாள் கோயிலின் பெரிய கோபுரம் கோயிலிலிருந்து விலகித் தெருவில் நிற்கிறது. ஊரே கோயிலின் பிராகாரமாக இருந்ததற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வடகரையில் பாறைமேல் இருப்பது அரகண்டநல்லூர்ச் சிவன் கோயில். சம்பந்தர் பாடிய அறையணிநல்லூர் இதுதான். 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பிய 16 வயதுப் பையன் வேங்கடராமன், கையில் காசு தீர்ந்து மாம்பழப்பட்டில் ரயிலைவிட்டு இறங்கி நடந்தே இந்தக் கோயிலுக்கு வந்து சேர்ந்தான். அங்கே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஓர் ஒளி தெரிந்தது. நடை சாத்தும் நேரம் வந்ததும் குருக்களோடு ஆற்றைக் கடந்து கீழையூர் கோயிலுக்கு வந்தான். சோறு கேட்டவனுக்கு மேளக்காரர் தன் பங்கைக் கொடுத்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. ஒரு பாகவதர் வீட்டில் சாப்பிட்டு, கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, திரும்ப ஆற்றைக் கடந்து ரயில் ஏறி, செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. தரிசனம் ஒரு கரையில், சோறு மறு கரையில், ரயில் மறுபடி முதல் கரையில். இரு கரையையும் சேர்த்தால்தான் ஊர் முழுசாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியத்தை எந்த எல்லை ஆணையத்தின் முன்னும் வைக்க முடியாது.

ஆற்றில் கோடு போட்டதால் பாதியாகப் போன ஊர்கள் வெளியிலும் உண்டு. ஆஸ்திரியாவில் சால்சாக் ஆற்றங்கரையில் ஓபர்ன்டோர்ஃப் என்று ஒரு சிறு நகரம். மேலே ஹல்லைன் சுரங்கத்து உப்பு படகில் வரும். ஆறு வளைந்து சுழிக்கும் இடத்தைக் கடக்கத் தேர்ந்த படகோட்டிகள் வேண்டும். அவர்கள் குடியிருந்த புறநகர்தான் ஓபர்ன்டோர்ஃப், எதிர்க்கரை லௌஃபன்தான் தாய் நகரம். நெப்போலியன் போர்கள் முடிந்து 1816இல் நாடுகளைப் பங்கு பிரித்தபோது ஆற்றையே எல்லையாக்கினார்கள். லௌஃபன் பவேரியாவுக்குப் போனது, ஓபர்ன்டோர்ஃப் ஆஸ்திரியாவுக்கு. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே நாளில் இரண்டு நாட்டவர் ஆனார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1818 டிசம்பர் 24 இரவு, அந்தப் புறநகரின் மாதா கோயிலில் முதன்முதலாக ஒலித்ததுதான், இன்று நம் கிராமத்துத் தேவாலயங்கள்வரை கிறிஸ்துமஸுக்குப் பாடும் ‘சைலண்ட் நைட்’.

அங்கேயும் ரயில் வந்து உப்புப் படகு ஓய்ந்தது. 1899இல் பெருவெள்ளம் வந்தது. அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கும் இடத்தில் ஊர் வைத்திருப்பது சரியில்லை என்று முடிவெடுத்து, ஊரையே ஆற்றின் மேல்பக்கமாக நகர்த்திக் கட்டினார்கள். அந்தப் பழைய மாதா கோயிலும் இடிபட்டது, அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுச் சிற்றாலயம் இருக்கிறது. 1903இல் புதுப் பாலம் கட்டி எதிர்க்கரையோடு மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். 2006இல் நடந்து கடக்க இன்னொரு பாலமும் போட்டார்கள். இரண்டு தேசங்களுக்கே இது முடிகிறது. நமக்கு நடுவில் இருப்பவை இரண்டு கலெக்டர் அலுவலகங்கள் மட்டும்தான்.

வெள்ளத்தை வேண்டுமென்றே சொன்னேன். தென்பெண்ணை ஆண்டில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஆறு. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் தாண்டி வருகிறது. சாத்தனூர் 1958இல் முடிந்த, 119 அடி உயர அணை. அது நிரம்பும் ஆண்டில் திருக்கோவிலூர் அணைக்கட்டிலிருந்து மலட்டாற்றுக்கும் பம்பை வாய்க்காலுக்கும் ராகவன் வாய்க்காலுக்கும் தண்ணீர் போகும், ஏரிகள் நிரம்பும். நிரம்பாத ஆண்டில் ஆற்று மணல் மட்டும் லாரியில் போகும். இந்த இரண்டு நிலைக்கும் நாம் பழகிவிட்டோம்.

2024 டிசம்பர் 2 அதிகாலையில் மூன்றாவது நிலையைப் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிட நேர்ந்தது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என நாலு மாவட்டக் கரைகளும் மூழ்கின. திருக்கோவிலூருக்கு மேலே அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்றே மாதமான பாலம் அடித்துக்கொண்டு போனது. எச்சரிக்கை எப்போது வந்தது, யாருக்கு வந்தது என்ற வாதம் சட்டமன்றம்வரை போனது. அரசும் எதிர்க்கட்சியும் அதைப் பேசி முடித்துவிட்டார்கள். கரையில் இருப்பவர்களின் கேள்வி வேறு: ஒரே வெள்ளம் ஒரே நேரத்தில் இரு கரையிலும் ஏறும்போது, எச்சரிக்கையும் முகாமும் நிவாரணமும் ஏன் இரண்டு தலைமையிடங்களிலிருந்து தனித்தனியாக வர வேண்டும்?

மாவட்டம் பிரித்ததைக் குறை சொல்ல வரவில்லை. கல்வராயன் மலைக்காரர் ஒரு கையெழுத்துக்கு விழுப்புரம்வரை போய் வந்த அவதி எங்களுக்குத் தெரியும். கள்ளக்குறிச்சி மாவட்டம் வந்தது நியாயம். என் சங்கடம், எல்லையாகிப்போன ஆற்றைப் பற்றியது. வீட்டுக்கு நடுவில் இருக்கும் கிணற்றை எல்லாரும் தூர்வாருவார்கள், இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்தினை யாரும் கூட்டுவதில்லை. சட்டவிரோதமாக மணல் அள்ளும் லாரி அக்கரைக்குப் போய்விட்டால் இக்கரை அதிகாரிக்கு அது அடுத்த மாவட்டம். குப்பையும் சாக்கடையும் எந்தக் கரையிலிருந்து ஆற்றில் இறங்கினாலும் கீழே குடிப்பவருக்கு ஒரே தண்ணீர்தான். கரையைப் பலப்படுத்த ஒரு பக்கம் மட்டும் நிதி வந்தால், வெள்ளம் பலமில்லாத மறுபக்கத்தைத் தேடும்.

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் இந்தக் கோடு தானாக அழிகிறது. தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் மணலூர்பேட்டையிலும் திருக்கோவிலூரிலும் அரகண்டநல்லூரிலும் சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குப் பெண்ணையில் இறங்குகின்றன. கரும்பும் பலூனும் ராட்டினமுமாக மணல் முழுக்கக் கூட்டம். எந்தச் சாமி எந்த மாவட்டம் என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு மட்டும் இரு மாவட்டப் போலீசும் கூடிப் பேசித்தான் பந்தோபஸ்து போட முடியும். ஒருநாள் முடிவதை மீதி நாட்களும் செய்யலாம் என்பதுதான் நான் கேட்பது.

ஜம்பையிலிருந்து கிராமம் என்ற ஊர், திருவெண்ணெய்நல்லூர்வரை இந்த நீளத்துக்கு இரு மாவட்டமும் சேர்ந்த ஓர் ஆற்றுக் குழு வேண்டும். இரு கலெக்டர்களும் நீர்வளத் துறையும் உள்ளாட்சிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே மேசையில் உட்கார வேண்டும். மணல், கழிவுநீர், வெள்ள எச்சரிக்கை, பாலம், கபிலர் குன்றின் பராமரிப்பு என்று ஐந்தே பொருளை வைத்துக்கொண்டு தொடங்கினால் போதும். திருக்கோவிலூர்ச் சட்டமன்றத் தொகுதி ஏற்கெனவே இரு மாவட்டங்களிலும் கால் வைத்துத்தான் நிற்கிறது. ஆகையால் உறுப்பினரிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

திருக்கோவிலூர் நகராட்சிக்கு இனி பூங்கா வரும், புதுப் பஸ் நிலையம் பற்றிய பேச்சு வரும், வளர்ச்சித் திட்ட வரைபடம் வரும். வாசகர்கள் அந்த வரைபடத்தைக் கையில் வாங்கியதும் முதலில் ஆறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாளின் ஓரத்தில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடுவில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.