தேதி கேட்கிறவர்கள்

பெருங்களத்தூரில் எங்கள் பக்கத்து ஃப்ளாட்காரர் குடும்பத்தோடு பத்ரிநாத் யாத்திரை கிளம்புகிறார். போன வாரம் என்னிடம் வந்து, "ஏன் ஸார், அங்கே பூகம்பம் என்றைக்கு வரும் என்று சொல்லத் தெரியாத சாஸ்திரம் என்ன சாஸ்திரம்? எங்கள் ஜோசியராவது ஒரு தேதி சொல்வாரே!" என்றார்.

சொல்வார்தான். தேதி கடந்ததும், பரிகாரம் பலித்துவிட்டது என்றும் சொல்வார்!

இந்தத் தேதிப் பைத்தியம் அவருக்கு மட்டும் பிடித்ததல்ல. படித்தவர்கள் பலருக்கும் உண்டு. பூகம்ப விஞ்ஞானி தேதி சொல்கிறவர் அல்லர். எந்த இடம் எவ்வளவு பலமாக ஆடக்கூடும், ஒரு கட்டடத்தின் ஆயுளுக்குள் அது நேர எத்தனை வாய்ப்பு என்றுதான் அவர் கணக்குப் பார்க்கிறார். பழைய பிளவுகளின் குறுக்கே பள்ளம் வெட்டி, ஒடிந்த மண் அடுக்குகளில் அகப்படும் கரித்துண்டை வைத்துக் காலம் கணிக்கிறார். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்வதில் வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இமயமலையில் முட்டி அடங்குகிறது. 1905-இல் காங்க்ராவிலும் 1934-இல் பீகார்-நேபாள எல்லையிலும் பெரும் பூகம்பங்கள் வந்தன. நடுவிலிருக்கும் கட்வால், குமாவுன் பக்கம் அவ்வளவு பெரியது வந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. 2 சென்டிமீட்டரை இருநூறால் பெருக்கிப் பாருங்கள். நாலு மீட்டர் கடன்!

"சின்னச் சின்னதாக ஆடித்தான் தீர்ந்துவிடுகிறதே?" என்றார் நண்பர். தீராது. 8 அளவுள்ள ஒரு பூகம்பத்தின் சக்தி வெளியேற, 7 அளவுள்ளவை முப்பதுக்கு மேல் வேண்டும். 1991-இல் உத்தரகாசியிலும் 1999-இல் சமோலியிலும் வந்தவை 7-ஐக் கூட எட்டவில்லை. அவை வட்டிக்கும் காணாது.

உத்தரகாசிப் பக்கத்துக் கிராமங்களில், மரக்கட்டையும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய பழைய மாடி வீடுகள் பல ஆட்டங்களைத் தாங்கி நிற்கின்றன. கட்டிய தச்சர்கள் தேதி கேட்டுக்கொண்டு உட்காரவில்லை.

"நீங்கள் எங்கே ரூம் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மலைச்சரிவில் ஐந்து மாடி லாட்ஜ், ஸார். கீழ்த்தளம் பூராவும் கார் நிறுத்த. ஜன்னலைத் திறந்தால் அலகநந்தா!"

2001 ஜனவரியில் கட்ச் பூகம்பத்தின்போது, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஆமதாபாத்தில் இடிந்தவற்றில் பல, இப்படி வெறும் தூண்கள்மேல் நின்ற அடுக்குமாடிகள்தான் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நம் ஃப்ளாட்டும் அப்படித்தானே ஸார்?"

அப்படித்தான். இமயத்தின் ஆபத்து இங்கே இல்லைதான். ஆனால் 2002-இல் சென்னையையும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏற்றினார்கள். அன்று மாலையே இருவரும் போய்ச் சங்கச் செயலாளரிடம் கட்டட வரைபடம் கேட்டோம். தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.