எந்த ஊர் டிராம் விளக்கு? 'தெரியாது'ங்கறதும் ஒரு பதில்தான்

பழைய அமெரிக்க டிராம் விளக்கு ஏதாவது ஏலத்துக்கு வந்தா கவனிச்சுப் பாருங்க. கீழே கட்டாயம் ஒரு கம்பெனி பேரு இருக்கும். 'பசிபிக் எலக்ட்ரிக், லாஸ் ஏஞ்சலஸ்'னு போட்டா ஒரு விலை. வெறும் 'பழைய விளக்கு'ன்னு போட்டா அதுல பாதிகூடத் தேறாது. அதனால ஆதாரம் இருக்கோ இல்லையோ, பேரு மட்டும் தவறாம வந்துடுது. என்னைக் கேட்டா, இந்தப் பொழுதுபோக்கைக் கெடுக்கிற முதல் எதிரி துருவோ உடைஞ்ச கண்ணாடியோ இல்லை. இந்த ஒட்டுப் பேருதான்.

முதல்ல இந்த மார்க்கர் விளக்கு எதுக்குன்னு பார்த்துடலாம். நாம டிராம்ங்கறதை அமெரிக்காவுல டிராலி கார்னு சொல்வாங்க. ஊருக்குள்ள ஓடினது போக, ஊருக்கு ஊர் ஓடின மின்சார வண்டிகளும் உண்டு. அதுல பல வழித்தடங்கள் ஒற்றைத் தண்டவாளம். முன்னாடி பச்சை விளக்கு எரிஞ்சா 'இதே நேர அட்டவணையில பின்னாடி இன்னொரு வண்டி வருது'ன்னு அர்த்தம். வெள்ளை எரிஞ்சா 'இது அட்டவணையில இல்லாத கூடுதல் வண்டி'. பின்னாடி சிவப்பு எரிஞ்சா 'வண்டி இதோட முடியுது'. எதிர்ல வர்றவர் இதைத் தப்பாப் படிச்சா நேருக்கு நேர் மோதல்தான். உயிரைக் காப்பாத்தின சாமானுக்குப் பொய்யான ஜாதகம் எழுதறது நியாயமான்னு யோசிங்க.

'இது எங்கேருந்து வந்தது'ங்கற ஒரு கேள்விக்குள்ள மூணு கேள்வி இருக்கு. யார் செஞ்சாங்க? எந்தக் கம்பெனி வாங்கிச்சு? எந்த வண்டியில மாட்டியிருந்தது? முதல் கேள்விக்குப் பதில் கிடைச்ச உடனே மத்த ரெண்டுக்கும் கிடைச்ச மாதிரி நினைச்சுக்கறதுலதான் கோளாறே ஆரம்பிக்குது.

கொஞ்சம் விவரமாப் பார்ப்போம்.

1. செஞ்சவர் பேரு. ஆட்லேக்னு (ஆடம்ஸ் அண்ட் வெஸ்ட்லேக்) முத்திரை இருந்தா அது சிகாகோ கம்பெனி. 1927-ல இண்டியானாவுல இருக்கிற எல்கார்ட்டுக்கு மாறிடுச்சு. டிரெஸ்ஸல்னா நியூஜெர்சி, ஹேண்ட்லன்னா செயின்ட் லூயிஸ். இவங்க எல்லாம் நாடு முழுக்க யார் பணம் கொடுத்தாலும் வித்தவங்க. 'சிகாகோ'ன்னு பொறிச்சிருக்கறதால அது சிகாகோ டிராம்ல எரிஞ்சதுன்னு சொல்றது, டப்பாவுல சிவகாசின்னு அச்சடிச்சிருக்கறதால அந்தப் பட்டாசு சிவகாசியிலதான் வெடிச்சதுன்னு சொல்ற மாதிரி :-)

2. கண்ணாடி. கார்னிங், காப் (பென்சில்வேனியா) பேருகள் அடிக்கடி கண்ணுல படும். 5 3/8 அங்குலம்னு அளவும், குவிய தூரமும்கூடச் சிலதுல பொறிச்சிருக்கும். ஆனா கண்ணாடிதான் முதல்ல உடையற பாகம், அதனால மாத்திக்கிட்டே இருப்பாங்க. கண்ணாடியோட வயசு விளக்கோட வயசு ஆகாது. நிறமில்லாத கண்ணாடி ஊதாவா மாறியிருந்தா அதுல மாங்கனீஸ் கலந்திருக்கு, வெயில் பட்டு நிறம் மாறியிருக்கு. முதல் உலகப் போருக்கு அப்புறம் மாங்கனீஸ் கலக்கறது குறைஞ்சு போச்சு, அதனால இது ஒரு தடயம்தான். ஆனா செயற்கைக் கதிர்வீச்சு கொடுத்தும் ஊதா ஆக்கலாம். ஜாக்கிரதை.

3. காப்புரிமை. என்னைப் பொறுத்தவரை இதுதான் உறுதியான சாட்சி. அமெரிக்காவுல காப்புரிமை வழங்கற நாள் செவ்வாய்க்கிழமை. விளக்குல இருக்கிற தேதியைக் காலண்டர்ல பாருங்க. வெள்ளிக்கிழமைன்னு வந்தா, ஒண்ணு நீங்க எழுத்தைத் தப்பாப் படிச்சிருக்கீங்க, இல்லேன்னா யாரோ விளையாடியிருக்காங்க. 1927-ல சட்டம் மாறி, தேதிக்குப் பதிலா எண்ணைப் போடணும்னு ஆச்சு. பத்து லட்சமாவது காப்புரிமை 1911 ஆகஸ்ட் 8-ல வந்தது. இருபது லட்சமாவது 1935 ஏப்ரல் 30-ல. உங்க விளக்குல இருக்கிற எண் இதுக்கு நடுவுல வந்தா காப்புரிமையும் நடுவுல வந்ததுதான். ஆனா விளக்கு அதுக்கு எத்தனை வருஷம் கழிச்சும் செஞ்சிருக்கலாம்.

4. ஒயரும் பல்பும். டிராம் மின்சாரம் பொதுவா 600 வோல்ட் நேர் மின்சாரம். 120 வோல்ட் பல்பு அஞ்சை வரிசையாக் கோத்து எரிப்பாங்க. ஒண்ணு போனா அஞ்சும் போச்சு. நீராவி ரயில் பெட்டியில பேட்டரிக்கு 32 வோல்ட்தான் வழக்கம். அதனால பழைய ஒயர், ஹோல்டர் எல்லாம் பேசும், யாரும் வீட்டு மின்சாரத்துக்கு மாத்தாம இருந்தா. அதே சமயம் 'மண்ணெண்ணெய் விளக்கா? அப்போ இது டிராம்ல வந்தது இல்லை'ன்னு தள்ளிடாதீங்க. கூரை மேல இருக்கிற கழி கம்பியை விட்டு நழுவினா வண்டியே இருட்டாயிடும். அந்த நேரத்துலயும் பின்னாடி சிவப்பு தெரியணுமே? அதுக்காகவே எண்ணெய் விளக்கு வச்சிருந்த மின்சார வண்டிகள் உண்டு.

5. பெயிண்ட். அடுக்கடுக்கா இருக்கிற பழைய பெயிண்ட் பெரிய பொக்கிஷம், ஆனா தீர்ப்பு இல்லை. சான் பிரான்சிஸ்கோவுல 1995-ல தொடங்கின எஃப் தடத்துக்கு பிலடெல்பியாவுலயும் நியூவார்க்லயும் ஓடின வண்டிகளை வாங்கி, வேற வேற ஊர் நிறங்களை அடிச்சு ஓட்டறாங்க. நிறம் ஒரு ஊரு, வண்டி இன்னொரு ஊரு.

சரி, எல்லாம் கண்டுபிடிச்சாச்சுன்னே வச்சுக்குவோம். அப்பவும் 'சொந்த ஊரு'ங்கறது ஒண்ணாத்தான் இருக்கணுமா? 1941-ல வந்த எலக்ட்ரோலைனர் வண்டிகள் சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் நடுவுல ஓடிச்சு. 1963-ல அந்தக் கம்பெனி மூடினதும் பிலடெல்பியாவுல ரெட் ஆரோ தடத்துக்குப் போய், லிபர்ட்டி லைனர்னு புதுப் பேரோட ஓடிச்சு. இப்போ ஒண்ணு இலினாய் ரயில்வே மியூசியத்துல, இன்னொண்ணு பென்சில்வேனியாவுல ராக்ஹில் டிராலி மியூசியத்துல. அதுல இருந்து ஒரு விளக்கு கழண்டு வந்தா எந்த ஊர்னு எழுதுவீங்க? ரெண்டையும் எழுதறதுதான் நேர்மை.

'விளக்கு அழகா இருந்தா போதாதா, ஊர் பேரு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி'ன்னு சிலர் கேப்பாங்க. அழகுக்கு வாங்கறவங்களுக்குப் போதும். ஆனா ஒரு வண்டியைப் பழையபடி சரி பண்ற மியூசியம் தன்னார்வலருக்குப் போதாது. கதை கட்டின விளக்கை நம்பி அவங்க மாட்டினா, அடுத்த தலைமுறை அதையே ஆதாரமாக் காட்டும். ஒரு பொய் அப்படித்தான் மியூசியத்துக்குள்ள போய் உண்மையா வெளியே வருது. அதைவிடக் கொடுமை, பளபளன்னு ஆக்கறேன்னு பெயிண்டைச் சுரண்டி, பழைய ஒயரைப் பிடுங்கி, மாட்டற கொக்கியை அறுத்துத் தள்ளறது. பொய்ச் சீட்டை நாளைக்குக் கிழிச்சுப் போடலாம். சுரண்டின பெயிண்டை யார் திரும்ப ஒட்டறது?

அதனால என் கட்சி இதுதான். தெரிஞ்சதைத் தெரிஞ்சதுன்னு எழுதுங்க, ஊகத்தை ஊகம்னு எழுதுங்க. 'ஆட்லேக் தயாரிப்பு, 1911-க்குப் பிறகு, ஓடின தடம் தெரியவில்லை'ன்னு ஒரு சீட்டு ஒட்டினா அது தோல்வி இல்லைங்க. அடுத்து வர்றவங்க அங்கேருந்து தேட ஆரம்பிக்கலாம். யார்கிட்ட, எந்த ஊர்ல வாங்கினீங்கங்கறதையும் அதுலயே குறிச்சு வைங்க. அப்புறம், துடைக்கிற துணியைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு கேமராவை எடுங்க.