புதுத் தேயிலையும் நம்ம தேத்தண்ணியும்



போன மாதம் பால்வெட்டு முடிந்த கையோடு ஒரு அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். "தலை சுத்துது ஐயா" என்றார். விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 18 காட்டியது.

"மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"நிறுத்தி ரெண்டு வாரமாச்சுங்க. டவுன்ல ஜப்பான் பச்சைத் தேயிலை வாங்கினேன். இனிப்பு நீர் தீர்ந்திடும்னு சொன்னாங்க."

அதற்கு ரெண்டு நாள் சம்பளம் போயிருந்தது. அன்றே அவரை அரசாங்க கிளினிக்குக் கொண்டுபோனோம்.

தேயிலை மேல் குற்றமில்லை. ஜப்பானில் குளிர்காலம் முழுக்கச் செடி ஓய்வில் இருக்கும். வசந்தத்தில் வரும் முதல் கொழுந்தை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கிள்ளுவார்கள். அவர்கள் பஞ்சாங்கப்படி வசந்தம் பிறந்த 88-ஆவது நாள், அதாவது மே 2 வாக்கில், அதற்கு விசேஷம். 'சிஞ்சா' என்றால் புதுத் தேயிலை. கிள்ளியதும் ஆவியில் அவித்துவிடுவதால் இலை கறுக்காது. நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலையும் அதே செடிதான். கேமரன் மலையில் 1929-இல் தொடங்கிய போ தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்களில் நம் சனமும் உண்டு.

அதைக் கலக்கும் முறை சுலபம். கொதிக்கிற தண்ணீரை நேரே ஊற்றினால் கசந்துவிடும். முதலில் கோப்பைகளில் ஊற்றி 70 டிகிரி அளவுக்கு ஆறவிட வேண்டும். இரண்டு சின்னக் கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி இலை போட்டு, ஒரு நிமிஷம் ஊறவைத்துக் கடைசிச் சொட்டு வரை வடிக்க வேண்டும். அதே இலையில் இன்னொரு தடவையும் ஊற்றலாம். பால், சீனி எதுவும் வேண்டாம். இலைக்கே மெல்லிய இனிப்பு உண்டு. டின்னை இறுக மூடி, மசாலா வாசம் படாமல் வைத்து, சீக்கிரம் குடித்துத் தீர்க்க வேண்டும்.

கையில் காசிருந்தால் வாங்கிக் குடியுங்கள், ரசியுங்கள். ஆனால் அதை மருந்தென்று நம்பாதீர்கள். எந்தத் தேயிலையும் இனிப்பு நீர் மாத்திரைக்கு ஈடாகாது. 2023 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. இது விளையாட்டு இல்லை.

ஜப்பான்காரரிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் வேறு: சீனி இல்லாமலே தேத்தண்ணி ருசிக்கும். நாமோ கெட்டிப்பாலை ஊற்றி அதன்மேல் சீனியும் போடுகிறோம். கெட்டிப்பாலிலேயே பாதிக்கு மேல் சர்க்கரை! கடையில் 'தே ஓ கோசோங்' கேளுங்கள். வீட்டில் வாரம் அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும்.

இன்னொன்று தாய்மார்களுக்கு. பச்சையோ கறுப்போ, தேயிலை உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். ரத்தம் குறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் பசியாறும்போது தேத்தண்ணி குடிக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியில் விழுங்கவே கூடாது, பச்சைத் தண்ணீர் போதும். கூட ஒரு கொய்யாத் துண்டு கடித்தால் இன்னும் நல்லது.

அந்த அம்மா இப்போது மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார். மிச்சமிருந்த பச்சைத் தேயிலையை என்ன செய்வதென்று கேட்டார். "சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து நிதானமா குடிங்கம்மா, அதுக்குத்தான் அது" என்றேன்.

மாத்திரை மாத்திரையாக இருக்கட்டும், தேத்தண்ணி தேத்தண்ணியாக இருக்கட்டும்.

— தோட்ட மருத்துவ உதவியாளர், கெடா